மிதப்பு அசையாதபோது: நன்னீர்த் தூண்டிலில் புதியவர்களுக்கு நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

யாழ்ப்பாணத்தில் தூண்டில் பிடிக்கத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் கடலில்தான் பழகுகிறார்கள். பண்ணைப் பாலத்தின் ஓரத்திலோ வடமராட்சியின் கற்கரையிலோ நின்று தங்கூசியை (தூண்டிலின் நைலோன் இழையை) வீசிப் பழகிய கை, ஒரு நாள் அதே தடியையும் அதே முள்ளையும் எடுத்துக்கொண்டு ஏ-9 வீதியால் கிளிநொச்சிப் பக்கம் போய், இரணைமடுக் குளத்தின் கட்டில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வெறும் பையுடன் திரும்புகிறது. எனக்கும் முதல் மூன்று பயணங்கள் அப்படித்தான் முடிந்தன. மூன்றாம் நாள், பக்கத்தில் மூங்கில் தடியுடன் குந்தியிருந்த ஒரு முதியவர் என் தூண்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது கடலுக்குக் கட்டின தூண்டில். இஞ்சத்த மீனுக்கு வாய் சின்னன்" என்றார். "அப்ப என்ன செய்யிறது ஐயா?" என்று கேட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லாமல், தன் சட்டைப்பையிலிருந்து நெல்மணியைவிடச் சற்றே பெரிய ஒரு முள்ளை எடுத்துத் தந்தார். அன்று மாலைக்குள் ஐந்து திலாப்பியா பட்டன.

அந்த ஐந்து மீனையும் தந்தது இரை அல்ல என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதியவர் எப்போதும் இரையைத்தான் குறை சொல்கிறார். மண்புழுவை எறிந்துவிட்டுப் பாணும், பாணை எறிந்துவிட்டு இறாலும் கோக்கிறார். நான் கண்ட அளவில் பிழை அநேகமாக முள்ளின் அளவிலோ, இரை நிற்கும் ஆழத்திலோ, நிற்கும் இடத்திலோதான் இருக்கிறது. ஆகவே கீழே சொல்லப்படும் அறிகுறிகளுள் எது உங்களுக்கு நேர்ந்தாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அரை மணி நேரமாவது பொறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பின்னரே அடுத்ததை மாற்றுங்கள். முள், ஆழம், இரை மூன்றையும் ஒன்றாக மாற்றி மீன் பட்டால், எது பிழையாக இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

தொடங்குவதற்குத் தேவையானவை சிலவே. மூன்று முதல் நான்கு மீற்றர் நீளமான மூங்கில் தடி அல்லது நீட்டி மடக்கும் தடி, 0.20 முதல் 0.25 மில்லிமீற்றர் வரையான தங்கூசி. 8ஆம் இலக்கம் முதல் 12ஆம் இலக்கம் வரையான முள். சின்னி விரல் பருமனுள்ள மிதப்பு. மிளகளவு ஈயக்குண்டுகள் நாலைந்து. நீண்ட மூக்குக் குறடு ஒன்று. முள்ளின் இலக்கம் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதைக் கடையில் மறந்துவிடாதீர்கள். கடல் மீனுக்கென்று விற்கப்படும், இலக்கத்தின் பின்னே சுழியம் போட்ட முட்கள் இதற்கு நேர்மாறானவை. அவற்றில் இலக்கம் கூடினால் முள்ளும் பெரிதாகும். அவை இங்கே விராலுக்கு மட்டுமே, அதுவும் மிகச் சிறிய அளவுகளில் மட்டுமே, உதவும்.

கரையில் நின்றதும் யாராவது வந்து தடுக்கிறார்கள்

இது தூண்டிலின் பிழை அல்ல, ஆனால் முதலில் தீர்க்க வேண்டியது. வன்னிக் குளங்கள் பலவற்றில் நன்னீர் மீனவர் சங்கங்கள் இருக்கின்றன. அந்தக் குளத்தில் விடப்படும் மீன்குஞ்சும் பிடிபடும் மீனும் அவர்களுடைய வாழ்வாதாரம். பொழுதுபோக்குக்காகப் போகிறவர் முதலில் கரையிலிருக்கும் ஒருவரிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில், அவர்களுடைய வலைகளுக்கு விலகி நிற்பதுதான் முறை. கோயில் கேணிகளிலும் தீர்த்தக் குளங்களிலும் தூண்டில் போடவே கூடாது. மீன் படவில்லை என்ற எரிச்சலில் யாராவது நஞ்சு கலக்கும் வழியையோ வெடி போடும் வழியையோ சொல்லித் தந்தால், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டத்தின்படி அது குற்றம் என்பதையும், அடுத்த மாரிக்கு அந்தக் குளத்தில் ஒரு குஞ்சும் மிஞ்சாது என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரமாகியும் மிதப்பு அசையவே இல்லை

இதுதான் புதியவர்கள் மிக அதிகமாகச் சந்திக்கும் அறிகுறி, காரணங்களும் பல. முதலில் காலத்தையும் இடத்தையும் பாருங்கள். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து வந்து அராலியில் கடனீரேரியுடன் சேரும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டுமே ஓடுகிறது. ஊர்க் குளங்கள் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான வாடை மழையில் நிரம்பி, கோடை முற்றும்போது வற்றிச் சேறாகின்றன. இப்படி வற்றி நிரம்பும் குளத்தில் மாரி தொடங்கியதும் போய்த் தூண்டில் போட்டால், தண்ணீர் நிறைய இருக்கும். பிடிக்கத்தக்க மீன் இராது. காற்றைச் சுவாசிக்கக்கூடிய விராலும் சுங்கானும் பனையேறியும் சேற்றோடும் ஈரத்தோடும் ஒதுங்கிப் பிழைத்திருக்கும்; மற்றவை வெள்ளத்தோடு புதிதாக வந்து, விரிந்த நீரில் சிதறிக் கிடக்கும். அதே குளத்துக்குத் தை, மாசியில் போங்கள். மீன் வளர்ந்திருக்கும், நீர் ஒடுங்கியிருக்கும், ஆகவே ஒரு வீச்சுக்குள் அதிக மீன் இருக்கும். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு போன்ற பெரிய குளங்களில் முற்றாக வற்றும் கதை இல்லை. அங்கே கோடையிலும் பிடிக்கலாம்.

தொண்டைமானாற்றுப் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நீரேரியின் உப்பு மழையோடு குறைந்து வெயிலோடு கூடுகிறது. திலாப்பியா உவர்நீரையும் தாங்கும். விரால் அந்த அளவுக்குத் தாங்காது. மாரியில் விரால் பட்ட ஓர் ஒதுக்கில் வைகாசியில் விராலைத் தேடி நிற்பதில் பயனில்லை. நாக்கில் ஒரு துளியை வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் போதும், என்ன மீனை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிடும்.

இடம் சரியென்றால் அடுத்தது ஆழம். புதியவர் மிதப்பைக் கண்மதிப்பாக ஒரு முழத்தில் கட்டிவிட்டு நாள் முழுவதும் அப்படியே விட்டுவிடுகிறார்; இரை எங்கே நிற்கிறது என்பது அவருக்கே தெரியாது. ஆழத்தை அளப்பது எளிது. முள்ளில் வழமையைவிடப் பாரமான ஓர் ஈயத்தைக் கொளுவி, பிடிக்க நினைக்கும் இடத்தில் மெதுவாக இடுங்கள். மிதப்பு முழுதாக அமிழ்ந்தால் மிதப்புக்கும் முள்ளுக்கும் இடையிலான நீளம் போதாது; மிதப்பு சாய்ந்து படுத்தால் நீளம் கூடிவிட்டது. மிதப்பின் தலை நீர்மட்டத்தில் நிமிர்ந்து நிற்கும்வரை நகர்த்தினால் அதுவே அந்த இடத்தின் ஆழம். பிறகு பாரமான ஈயத்தைக் கழற்றிவிட்டு, நீளத்தை ஒரு சாண் குறைத்து, இரை அடிக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி தொடங்குங்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லையென்றால் இன்னும் ஒரு முழம் உயர்த்துங்கள். வெயில் ஏறியதும் கரையோர மீன் ஆழத்துக்கும் மர நிழலுக்கும் போய்விடும். நீங்களும் கூடவே போக வேண்டும்.

நேரத்தைப் பற்றி, விடியற்காலையே சிறந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். காற்று அடிக்கும் பெரிய குளங்களில் அது உண்மை. காலை ஆறிலிருந்து எட்டரை வரையும், மாலை நாலரைக்குப் பின்னரும் நன்றாக இருக்கும். ஆனால் பாசி படர்ந்து பச்சையாகிப்போன சிறு குளங்களில் அதை அப்படியே ஏற்கக் கூடாது. பாசி பகலில் ஒட்சிசனை விடுகிறது, இரவில் அதுவும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அந்த நீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பது விடியும் வேளையில்தான். அந்த நேரத்தில் திலாப்பியாக்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைக் கண்டால், அவை இரை தேடவில்லை, மூச்சுக்குத் தவிக்கின்றன. எட்டு, ஒன்பது மணிவரை பொறுத்திருங்கள், அல்லது வேறு குளத்துக்குப் போங்கள். அங்கே ஏற்கனவே செத்து மிதக்கும் மீனை எக்காரணம் கொண்டும் உண்ண எடுக்காதீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மிதப்பு அசையவில்லையென்றால், மீனை உங்கள் பக்கம் அழைக்க வேண்டும். தவிடும், ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கும் பிசைந்து, தேசிக்காயளவு உருண்டைகளாக இரண்டை மிதப்பின் அருகே போட்டுவிட்டுக் காத்திருங்கள். அரை மணிக்கு ஒரு உருண்டை போதும். சிறிய குளத்தில் அளவுக்கு மீறிக் கொட்டினால் மீனுக்கு வயிறு நிறையும், தண்ணீரும் பழுதாகும். திலாப்பியா பெரும்பாலும் பாசியும் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் தின்னும் மீன். பாண், பிசைந்த கோதுமை மா, கல்லில் படியும் இழைப்பாசி ஆகியவற்றை அது விரும்புவது அதனால்தான். மாவைப் பிசையும்போது சிறிது பஞ்சைப் பிய்த்துச் சேர்த்தால் இரை முள்ளிலிருந்து இலகுவில் கரைந்து போகாது. கெளிறுக்கும் சுங்கானுக்கும் மண்புழு. விராலுக்குச் சிறு மீன்.

மீன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் இரையைத் தொடவில்லை

தெளிந்த ஆழமில்லாத நீரில், மணலில் வட்டமாகத் தோண்டிய கிண்ணம் போன்ற குழிகளைக் கண்டால், அவை திலாப்பியாவின் கூடுகள். கூட்டின் மேல் நிற்பது ஆண் மீன்; அதன் எண்ணம் இரையில் இல்லை. பெண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும் இனம் ஆதலால், வாய் நிறைந்திருக்கும் நாட்களில் அது ஏறக்குறைய உண்பதே இல்லை. 1952இல் இந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன் எல்லாக் குளங்களையும் நிரப்பியதற்கு இந்த வாய்க்காவலும் ஒரு காரணம். அங்கே நேரத்தை வீணாக்காமல், அந்த இடத்திலிருந்து பத்து, பதினைந்து மீற்றர் தள்ளி, சற்று ஆழமான விளிம்பில் போடுங்கள்.

விராலில் இதற்கு ஒப்பான காட்சி ஒன்று உண்டு. செந்நிறக் குஞ்சுகள் ஒரு கூட்டமாக நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல நகரும். அதன் அடியில் தாய் விராலும் தந்தை விராலும் நிற்கும். அந்தக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே எதை இட்டாலும் பெரிய மீன் சீறிக்கொண்டு பாயும் என்பது பலருக்கும் தெரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காவல் போனால் சில மணி நேரத்திலேயே அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அப்படிப் பிடித்த ஒரு விராலை ஒருவர் பெருமையாகத் தூக்கிக் காட்டியபோது, கரையில் நின்ற மீனவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவுமில்லாமல் மீன் இரைவரை வந்து திரும்பிப் போனால், நீங்கள் அதன் கண்ணுக்குத் தெரிகிறீர்கள் என்று கொள்ளுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். வெள்ளைச் சட்டை, கட்டில் நடக்கும் அதிர்வு, மீண்டும் மீண்டும் எடுத்து எறிதல் எல்லாமே மீனைக் கலைக்கும். நீருக்கு இரண்டு மீற்றர் பின்னால் குந்தியிருந்து பிடியுங்கள்.

மிதப்பு துடிக்கிறது, இரை போய்விடுகிறது, மீன் மட்டும் இல்லை

இந்த அறிகுறி கண்டால் மகிழுங்கள். இடமும் ஆழமும் இரையும் சரி. பிழை இனி மிதப்புக்கும் முள்ளுக்கும் இடையில்தான் இருக்கிறது. முதலில் முள்ளைச் சிறிதாக்குங்கள்: 8 போட்டிருந்தால் 10, 10 போட்டிருந்தால் 12. இரையையும் பச்சைப்பட்டாணி அளவுக்குக் குறையுங்கள். மண்புழுவை முழு நீளமாகத் தொங்கவிட்டால் மீன் வாலைக் கடித்து இழுத்துப் போய்விடும். அரை அங்குலத் துண்டாகக் கிள்ளி, முள்ளின் வளைவோடு கோத்து, நுனி மட்டும் வெளியே தெரிய விடுங்கள்.

அடுத்து மிதப்பு. தடித்த றெஜிபோம் துண்டையோ பெரிய தக்கையையோ மிதப்பாகக் கட்டியிருந்தால், மீன் இழுக்கும்போது அதன் பாரத்தை உணர்ந்து இரையை உமிழ்ந்துவிடும். மெல்லிய மிதப்பைக் கட்டி, அதன் தலை ஒரு விரல்கணு அளவு மட்டும் நீருக்கு வெளியே தெரியும்வரை ஈயக்குண்டைச் சேருங்கள். கடைசி ஈயம் முள்ளிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். முள்ளின் கூரை நகத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போனால் முள் மொட்டை, கொளுவி நின்றால் நல்லது.

பிறகுதான் கை. மிதப்பு மேலும் கீழும் துள்ளும்போது இழுப்பது புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. துள்ளல் என்பது மீன் இரையைச் சோதிப்பது. மிதப்பு பக்கவாட்டில் நகரத் தொடங்கும்போதோ அமிழும்போதோ மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டினால் போதும். சில வேளை மிதப்பு அமிழாமல் மேலெழும்பிப் படுக்கும்; மீன் இரையோடு மேலே வருகிறது என்பது அதன் பொருள், உடனே சுண்டுங்கள். எவ்வளவு திருத்தியும் விரல் நீளக் குஞ்சுகளே கொத்தி இரையைத் தின்றால், அவற்றுக்குக் கீழே போகும்படி ஆழத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

பட்ட மீன் பாதி வழியில் கழன்றுவிடுகிறது

தங்கூசி தளர்ந்தால் முள் கழலும். மீன் உங்களை நோக்கி ஓடிவரும்போது தடியை உயர்த்திப் பிடித்து, வளைவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரையருகே வந்ததும் தடியாலேயே தூக்கிவிடாமல், அத்தாங்கு வலையை நீருக்குள் முன்கூட்டியே வைத்து மீனை அதன் மேல் கொண்டுவாருங்கள். விராலின் தாடை எலும்புபோலக் கடினமானது. மொட்டை முள் அதில் ஏறாது. றீல் வைத்திருப்பவர்கள் இழுவிசைத் திருகை முற்றாக இறுக்கியிருந்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வரும். நாலு கிலோ தாங்கும் தங்கூசியானால், ஒரு கிலோ சீனிப் பையை முள்ளில் தொங்கவிட்டுத் தடியை உயர்த்தும்போது றீல் மெல்லத் தங்கூசியை விட்டுக்கொடுக்க வேண்டும். அந்த அளவில் திருகை நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கூசி அறுகிறது

அறுந்த முனையைப் பார்க்காமல் புதிதாகக் கட்டாதீர்கள். காரணம் அந்த முனையிலேயே எழுதியிருக்கும். முனை பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தால் கல்லோ சிப்பியோ அறுத்திருக்கிறது. முனைக்கு மேலும் சில அங்குலங்களுக்குச் சொரசொரப்பாகத் தடவுப்பட்டால், பட்ட மரத்திலோ அணைக்கட்டின் கற்களிலோ உரசியிருக்கிறது. அந்தப் பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள். சுருளாமலும் உரசாமலும் எங்கே இழுத்தாலும் அறுந்தால் தங்கூசியே பழசு. நைலோன் வெயிலில் வலுவிழக்கும். எங்கள் ஊர் வெயிலில் தாழ்வாரத்தில் சாத்திவைத்த தடியின் தங்கூசியை ஒரு வருடத்துக்கு மேல் நம்ப முடியாது.

நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை பன்றிவால்கள்தான். ஆகவே ஒரு முடிச்சையாவது கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்குப் பழகுங்கள். தங்கூசியை முள்ளின் காதுக்குள் விட்டு, தாய்த் தங்கூசியைச் சுற்றி ஐந்து அல்லது ஆறு சுற்றுச் சுற்றி, முனையைக் காதுக்கு அருகிலுள்ள சிறு வளையத்துள் நுழைத்து, அப்போது உண்டாகும் பெரிய வளையத்துள்ளும் நுழைத்து, எச்சிலால் நனைத்து, மெதுவாக இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வின் சூட்டிலேயே தங்கூசி பாதி வலுவை இழந்துவிடலாம். முனையை ஒட்ட வெட்டாமல் மூன்று மில்லிமீற்றர் விடுங்கள்.

றீலில் தங்கூசி குருவிக்கூடுபோலச் சிக்குகிறது

சுருளில் தங்கூசியை விளிம்புவரை நிரப்புவது முதற் காரணம். விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே நிறுத்துங்கள். எறிந்த பின் கம்பி வளையத்தைக் கைபிடியைச் சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, தளர்ந்து கிடக்கும் தங்கூசியை ஒரு தடவை இழுத்து இறுக்கிவிட்டுப் பிறகு சுற்றுங்கள். மீன் இழுத்துத் தங்கூசி வெளியே ஓடும்போது கைபிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பதும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கை ஏற்றும். ஏற்கனவே முறுக்கேறிவிட்டால், முள், ஈயம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, அறுவடை முடிந்த வயலில் தங்கூசியை முழு நீளத்துக்கும் விரித்து இழுத்துக்கொண்டு நடந்து, விரல்களுக்கிடையில் மெல்ல அழுத்திப் பிடித்தபடி மீண்டும் சுற்றுங்கள். முறுக்கு தானாகவே கழன்றுவிடும்.

முள் அடியில் கொளுவிக்கொள்கிறது

வன்னிக் குளங்களில் நீருக்குள் நிற்கும் பட்ட மரங்களும், தாமரைத் தண்டும், அணைக்கட்டின் கற்களும் முள்ளைப் பிடிக்கும். தடியை வளைத்து வெட்டி இழுத்தால் தடிதான் முறியும். முதலில் தங்கூசியைத் தளரவிட்டுச் சற்றுப் பொறுங்கள். பிறகு கரையில் பத்து அடி இடமோ வலமோ நடந்து, வேறு திசையிலிருந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் தடியை நேரே நீட்டி, தங்கூசியை ஒரு மரக்கட்டையில் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடந்து அறுத்துவிடுங்கள். கையில் சுற்றினால் தோலை அறுக்கும். ஈயம் தெறித்து வந்தால் கண்ணைப் பறிக்கும்.

ஒரு முள்ளுக்காகத் தண்ணீரில் இறங்காதீர்கள். இந்தக் குளங்கள் பலவற்றில் முதலை உண்டு; மணல் அகழ்ந்த குழிகள் மேலிருந்து பார்க்கத் தெரியாது. துருசு (நீர் திறந்துவிடும் மதகு) திறந்திருக்கும்போதும் வான் (குளம் நிரம்பி மேலதிக நீர் வழியும் இடம்) பாயும்போதும் அவற்றின் அருகே நிற்கவே கூடாது. மாரியில் வெள்ளம் நின்ற நீரில் காலில் புண்ணோடு இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது பரவி உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறந்துவிடக் கூடாது.

காற்று மிதப்பைக் கொண்டுபோகிறது

சோளகம் வீசும் மாதங்களில், பரந்த குளத்தில் மிதப்பு ஓரிடத்தில் நிற்காது. தங்கூசி நீர்மேல் வில்லாக வளைந்து மிதப்பை இழுக்கும். எறிந்ததும் தடியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி இரண்டு சுற்றுச் சுற்றித் தங்கூசியை நீருக்குள் இறக்கினால் இழுவை பெரிதும் குறையும். அப்படியும் நிற்காவிட்டால் மிதப்பைக் கழற்றி, ஈயத்தை அடியில் படுக்கவிட்டு, தங்கூசியை விரலில் உணர்ந்து பிடியுங்கள். காற்று மோதும் கரையில் நிற்பது சிரமந்தான். ஆனால் மிதக்கும் இரையெல்லாம் அங்கேதான் ஒதுங்கும், மீனும் அங்கேதான் வரும்.

மீன் முள்ளை விழுங்கிவிட்டது, அல்லது மீனின் முள் கையில் ஏறிவிட்டது

சுண்டத் தாமதித்தால் மீன் முள்ளைத் தொண்டைக்குள் கொண்டுபோகும். விடப்போகும் சிறு மீனானால், குறடால் கிண்டிக் குடலை இழுக்காமல், தங்கூசியை வாயருகே வெட்டி விட்டுவிடுங்கள். அது பிழைக்கும் வாய்ப்பு அதிலேதான் கூடுதல். கையை நனைத்துக்கொண்டு பிடித்தால் மீனின் மேற்சளி உரியாது.

சுங்கானையும் கெளிறையும் ஒருபோதும் வெறுங்கையால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். கறுத்த மெல்லிய உடலுள்ள சுங்கானின் பக்கச் செட்டை முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் கை முழுவதும் கடுக்கும். குத்திய இடத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகை செல்சியஸில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம்வரை வைத்திருங்கள். நஞ்சு சூட்டில் செயலிழக்கும். சூட்டைக் குத்துப்படாத கையால் முதலில் பாருங்கள், ஏனெனில் கடுப்பில் வெந்துபோவது தெரியாது. முள் உடைந்து உள்ளே நின்றாலும், வீக்கம் ஏறினாலும், தூண்டில் முள் அதன் கூர்ச்செதிலோடு (நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரோடு) விரலுக்குள் இறங்கினாலும், வீட்டில் பிடுங்க முயலாமல் வைத்தியசாலைக்குப் போய் ஏற்புத் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள்.

மீன் பட்டது, ஆனால் வீட்டில் யாரும் உண்ணவில்லை

கடல் மீனில் வளர்ந்த வீடுகளில் இது பெரிய குறை: "சேத்து மணம்." அந்த மணம் சேற்றிலிருந்து நேரடியாக வருவதல்ல; நீரிலும் அடிமண்ணிலும் வளரும் நீலப்பச்சைப் பாசிகளும் சில பற்றீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பிலும் தோலிலும் சேருவதால் வருவது. புதுமழை மண்ணில் நாம் முகரும் மணமும் அதுவே. ஆகவே எவ்வளவு கழுவினாலும் தண்ணீரோடு போகாது.

பிடித்தவுடன் செவுளை வெட்டி இரத்தத்தை வடியவிட்டு, குடலை அகற்றி, உள்ளே வயிற்றை மூடியிருக்கும் கறுத்தத் தோலை நகத்தால் சுரண்டி எடுத்து, ஐஸில் வையுங்கள். கிளிநொச்சியிலிருந்து வெயிலில் பொலித்தீன் பையில் தொங்கிக்கொண்டு வந்த மீனை எந்தக் கறியும் காப்பாற்றாது. வீட்டில் தோலை உரித்து, வயிற்றோரக் கொழுப்பை வெட்டிவிட்டு, கரைத்த பழப்புளியில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஜியோஸ்மின் புளிப்பில் சிதையும் பொருள். பிறகு அந்தப் புளியை ஊற்றிவிட்டுப் புதுப்புளி விட்டுக் காய்ச்சினால், குளத்து மீன் என்று சொன்னால்தான் தெரியும். பாசி பச்சையாகக் கட்டிய குளத்தில் பிடித்த மீனில் இவ்வளவு செய்தும் மணம் மிஞ்சினால், சமையலை மாற்றாதீர்கள். அடுத்த முறை தண்ணீர் தெளிந்த, காற்று அலைக்கும் கரையில் போய் நில்லுங்கள்.